அம்மா உட்காரும் பக்கம்

ஜாக்கி மேலே ஏறிக்கொண்டே இருந்தது. கார் ஏறவில்லை.

கோயமுத்தூர் கணபதியில் ஒரு டிங்கரிங் பட்டறை. எங்கள் வீட்டுக் காரை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டிய காலம் வந்திருந்தது. அதற்கு முன்னால் அங்கங்கே ஒடுக்கெடுத்து, பெயின்ட் அடித்து, பார்க்கிற மாதிரி ஆக்கிவிடலாம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். அவரும் அம்மாவும் நானுமாகக் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினோம். பட்டறைக்காரர் இடது பக்க முன்கதவுக்குக் கீழே ஜாக்கியை வைத்துச் சுற்றினார். அப்பளத்தைக் கையால் நொறுக்கினால் வருமே, அப்படி ஒரு சத்தம் வந்தது. ஜாக்கியின் தலை காரின் உடம்புக்குள் போய்விட்டது. சக்கரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

பட்டறைக்காரர் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அப்பாவிடம், "ஏனுங்க, இது கடலோரத்துல ஓடுன வண்டிங்களா?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது புதிதாக வாங்கிய கார் அது. பீளமேட்டில் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று வளர்ந்தது. கடலைப் பார்த்ததே கிடையாது. அப்பா ஒரு பம்பு கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்பைப் பற்றி அவரிடம் யாரும் குறை சொல்லிவிட முடியாது. "வாங்குனதுல இருந்து கோயமுத்தூர்தானுங்க" என்றார், பெண் பார்க்க வந்தவர்களிடம் குலம் கோத்திரம் சொல்வது போல.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு நோண்டுகிற புத்தி உண்டு. சுவரில் சுண்ணாம்பு உப்பி நின்றால் விரலால் தட்டிப் பார்க்காமல் என்னால் அந்த இடத்தைத் தாண்ட முடியாது. வீட்டில் இதற்காக வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை. சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில், மற்றவர்கள் எழுதித் தருவதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடித் தருகிற வேலை கிடைத்தபோது, இத்தனை நாள் திட்டு வாங்கியதற்கு இப்போது சம்பளம் வாங்குகிறாள் என்று அப்பாவே கிண்டல் செய்தார். ஆகவே ஜாக்கி உள்ளே போனதைப் பார்த்ததும் எனக்கு வருத்தம் வரவில்லை. கை துறுதுறுத்தது. பட்டறைக்காரரிடம் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கதவுக்குக் கீழே, காரின் நீளத்துக்கு ஓடுகிற பெட்டி போன்ற பகுதி இருக்கிறது. காரின் எடையைத் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டாம். வலது பக்கம் அதைத் தட்டினேன். டங் டங் என்று ஆரோக்கியமாகப் பேசியது. இடது பக்கம் தட்டினேன். சத்தமே வரவில்லை. மெல்ல அழுத்தினேன். பெயின்ட் விரிந்து, ஸ்க்ரூ டிரைவர் பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது காபித்தூள் மாதிரி எதுவோ கொட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே ஒரு கீறல்கூடக் கிடையாது.

எனக்கு அப்போது பிடித்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. ஒரே கார், ஒரே வாசல், ஒரே மழை. இடது பக்கம் மட்டும் ஏன்?

பட்டறைக்காரர், தண்ணீர்தான் காரணமாக இருக்கும் என்றார். எங்கள் ஊரில் வீட்டுக்கு இரண்டு குழாய். சிறுவாணித் தண்ணீர் குடிப்பதற்கு, போர் தண்ணீர் மற்றதுக்கெல்லாம். போர் தண்ணீரில் துணி துவைத்தால் காய்ந்த பிறகு வெள்ளையாகப் பூத்து நிற்கும். அந்த உப்புத் தண்ணீரில்தான் அப்பா வாரம் தவறாமல் காரைக் குளிப்பாட்டுவார். நல்ல தண்ணீரில் கார் கழுவுகிறவரை எங்கள் தெருவில் யாரும் மனிதராகவே மதிக்க மாட்டார்கள். சரி, உப்புத் தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம். அப்பா இரண்டு பக்கமும்தானே கழுவினார்?

அடுத்ததாக டிக்கியைச் சந்தேகித்தேன். கிணத்துக்கடவு தாண்டி எங்களுக்குச் சின்னதாக ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. ஞாயிறு தவறாமல் அப்பாவும் அம்மாவும் இந்தக் காரில்தான் அங்கே போய்வருவார்கள். தென்னைக்கு வைக்கிற கல்லுப்பும் பொட்டாஷும் மூட்டையாக டிக்கியில்தான் போகும். பிடித்துவிட்டேன் என்று டிக்கியைத் திறந்து, விரித்திருந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால், அடியில் இரும்பு புத்தம் புதிதாக மின்னியது. தார்ப்பாய்க்குக் கீழே சாக்கு, சாக்குக்குக் கீழே ரப்பர் ஷீட் என்று அப்பா மெத்தையே போட்டுவைத்திருந்தார். "நாங்க என்ன, உப்ப சும்மா கொட்டி எடுத்துட்டுப் போற ஆளுங்களா?" என்று என்னை ஒரு முறை முறைத்தார்.

இவ்வளவு நேரமும் அம்மா பட்டறை வாசலில், வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிலும் கலந்துகொள்ளவில்லை. எங்கள் அம்மா அப்படிப்பட்டவர் அல்ல. காய் வாங்கினாலும் கதவு வாங்கினாலும் அவருக்கு ஒரு கருத்து இருக்கும். அன்று கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாரை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார். பசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறைக்காரர் ஜாக்கியை வேறு இடத்தில் கொடுத்து ஒருவழியாகக் காரைத் தூக்கினார். அடியில் படுத்துப் பார்த்தவர், முகத்தில் விழுந்த துருத்தூளைத் துடைத்தபடி வெளியே வந்தார். இடது பக்க முன்சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சுற்றி இரும்பே இல்லை என்றார். போல்ட்டுகள் சும்மா பேருக்கு நிற்கின்றன. சடாரென்று பிரேக் அடித்தாலோ, எதன் மேலாவது மோதினாலோ, சீட்டு ஆளோடு சேர்ந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பிறகு சீட் பெல்ட் இருந்தும் பிரயோசனமில்லை.

"இந்தப் பக்கம் யாருங்க உக்காருவாங்க?" என்று கேட்டார்.

நானும் அப்பாவும் ஒன்றாகத் திரும்பி வேப்பமரத்தடியைப் பார்த்தோம்.

அதுவரை எனக்கு அது ஒரு புதிர்தான். அந்தக் கணத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். ஞாயிறுதோறும் பொள்ளாச்சி ரோட்டில், லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவில், அந்தச் சீட்டில் உட்கார்ந்து போய்வந்தவர் என் அம்மா.

இனி என்ன செய்வது என்று பேச்சு வந்தது. தகரத்தை வெட்டி வைத்து ஒட்டி, அடியில் கறுப்பாகப் பூச்சு அடித்துவிட்டால் எஃப்.சி.க்குப் போய்விடலாம், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தாங்காது, அதைச் செய்துகொடுக்கத் தனக்கு மனசில்லை என்றார் பட்டறைக்காரர். முறையாகச் செய்வதென்றால் பாதிக் காரை வெட்டி எடுக்க வேண்டும். அதற்குக் காரையே உடைக்கக் கொடுத்துவிடுவது மேல். நான் உடைக்கக் கொடுத்துவிடலாம் என்றேன். அப்பா பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். இந்த வயதில் இனி ஒரு கார் வாங்குவதில்லை என்று அவர் எப்போதோ சொல்லிவிட்டார். நான் வாங்கித் தருகிறேன் என்றால் அதைவிடக் கோபம் வரும்.

"சரி, வண்டி போனாப் போகுது. தோப்புக்குப் போறதுக்கு மொபெட்டு இருக்குதில்ல" என்றார்.

அந்த மொபெட்டின் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போன வருடம் கார் சர்வீசில் இருந்த ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனார். ஒத்தக்கால்மண்டபம் பக்கம் ஒரு லாரி உரசிக்கொண்டு போனதில் கீழே விழுந்தார். தோள் எலும்பு விலகி, கட்டுப் போட்டு, வெகுநாள் இடது கையால் சாப்பிட்டார். கட்டுப் பிரித்த மறுநாளே மொபெட்டைத் துடைத்து நிறுத்தினார். அவரிடம் யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "தகரம் வெச்சு அடிச்சாப் போதாதுங்களா? மெதுவாத்தானே ஓட்டறாங்க" என்று பட்டறைக்காரரிடம் கேட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உட்காரப் போவது அவர். பயப்பட வேண்டியவர் அவர். அவரே ஒட்டுப் போடச் சொல்கிறார்.

பட்டறைக்காரரைப் பதில் சொல்ல விடாமல் நான் இடது கதவைத் திறந்தேன். அடியிலிருந்து பார்த்தாயிற்று, மேலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்க்கவேண்டும் போல இருந்தது. கால்வைக்கும் இடத்தில் விரித்திருந்த ரப்பர் மேட் ஓரத்தைப் பிடித்ததும் அம்மா, "அதையெல்லாம் எதுக்குக் கண்ணு நோண்டற, ஒரே அழுக்கு" என்றார். சொன்ன விதத்தில் என்னவோ இருந்தது. சாதாரணமாக என்னைத் தடுக்கும்போது குரல் உயரும். அன்று தாழ்ந்தது.

மேட்டைத் தூக்கினேன். அடியில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம் இருந்தது.

அதை எனக்குத் தெரியும். எங்கள் சொந்தபந்தம் முழுக்க அதைத் தெரியும். அம்மாவின் கல்யாணத்துக்கு மாமா சீராக வைத்த தாம்பாளங்களில் ஒன்று அது, விளிம்பில் பெயர் வெட்டியது. சில மாதங்களுக்கு முன்னால் என் சித்தப்பா மகனின் நிச்சயத்துக்குத் தட்டு வரிசை வைக்கும்போது ஒரு தாம்பாளம் குறைந்தது. வரிசை ஒற்றைப்படையாக இருக்கவேண்டும் என்பதால் பெரிய கலவரம் ஆகிவிட்டது. பரண் மேல் ஏறித் தேடினோம். யாராவது பலகாரம் கொடுத்தனுப்பித் திரும்பி வராமல் போயிருக்குமா என்று பக்கத்து வீடுகளில் கேட்டோம். கடைசியில் சித்தி எங்கிருந்தோ ஒரு பித்தளைத் தட்டைக் கொண்டுவந்து கணக்கைச் சரிக்கட்டினார். இதில் எனக்கு இப்போது ஆறாத விஷயம், எங்களோடு சேர்ந்து அம்மாவும் தேடினார் என்பதுதான். பரணுக்கு ஏணி பிடித்தவரே அவர்தான்.

தாம்பாளத்தைத் தூக்கினேன். கீழே கார்ப்பெட் என்று ஒன்று இல்லை. ஓரங்களில் மட்டும் பிசுபிசுவென்று கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில், தாம்பாளம் மூடியிருந்த அளவுக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு ஓட்டை. அதன் வழியே பட்டறைத் தரை தெரிந்தது. தரையில் யாரோ போட்டுவிட்ட ஒரு போல்ட்டும் தெரிந்தது.

அப்பா வந்து எட்டிப் பார்த்தார். வண்டியின் வெளிப்புறம் அவருடையது, உள்புறம் அம்மாவுடையது என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. அவர் கழுவித் துடைப்பார், அம்மா மேட்டைத் தட்டிப் போடுவார். அவர் அந்த மேட்டைத் தூக்கிப் பார்த்ததே இல்லை.

நான் அந்தக் கார்ப்பெட் மிச்சத்தைக் கொஞ்சம் பிய்த்து மூக்கருகே கொண்டுபோனேன். யாரும் செய்யாத காரியம்தான், எனக்கு அது இயல்பாக வந்தது. புளித்த வாடை அடித்தது. எங்கள் காருக்கு எப்போதுமே அந்த வாடை உண்டு. ஏசியில் ஏதோ கோளாறு என்று சொல்லிச் சொல்லி இரண்டு மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறோம். ஆனால் இது ஏசி இல்லை. கையில் வைத்து முகர்ந்தபோதுதான் மூக்குக்குச் சட்டென்று புரிந்தது.

மோர்.

தோப்பில் தேங்காய் போடவும் பாத்தி வெட்டவும் வருகிறவர்களுக்கு அம்மா மோர் கொண்டுபோவார். வீட்டில் மனிதர்கள் வேலைக்கு வந்தால் மோர் கொடுக்காமல் இருப்பது அவரால் ஆகாது. பெரிய தூக்குப்போசி நிறைய, வெயிலுக்குத் தாங்கட்டும் என்று உப்பைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டு, இஞ்சி, பச்சைமிளகாய் தட்டிப் போட்டு. பின்சீட்டில் வைத்தால் கவிழும் என்று தன் இரண்டு காலுக்கும் நடுவில்தான் வைத்துக்கொள்வார். அந்தப் போசியின் மூடி எப்போதோ நசுங்கியது, சரியாக உட்காராது. எங்கள் வீட்டிலிருந்து தோப்பு வரைக்கும் எத்தனை வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் மோர் தளும்பி மேட்டில் விழும், மேட்டின் ஓரத்தில் வழிந்து கார்ப்பெட்டுக்குப் போகும், அங்கிருந்து தகரத்துக்கு. உப்பும் புளிப்பும் ஈரமுமாக, ஞாயிறு தவறாமல், இத்தனை வருடம். கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டிக்குள்ளும் அதுதான் இறங்கியிருக்க வேண்டும். கடல் இல்லாத ஊரில் எங்கள் காருக்கு மட்டும் கடற்காற்று எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் சிரித்துவிட்டேன். பட்டறைக்காரரும் சிரித்தார். மோரில் துருப்பிடித்த காரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அப்பா சிரிக்கவில்லை. தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவிடம், "இத எப்ப வெச்சே?" என்று கேட்டார்.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "போன மழை முடிஞ்சப்பவேங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதில் நிறைய, நான் பார்த்தும் பார்க்காமல் விட்டவை. தோப்புக்குப் போய்வந்தால் அவர் சேலைக் கரையில் செம்பழுப்பாகக் கறை இருக்கும். செம்மண்ணில் நடக்கிறாய், சேலையைத் தூக்கிக்கொள்ளக் கூடாதா என்று நானே சொல்லியிருக்கிறேன். மண்கறை சோப்பில் போகும். இது போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் போட்டபோது போய்விட்டது. துருக்கறைதான் அப்படிப் போகும். அன்றைக்கே மேட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். அப்போது ஓட்டை ஒரு ரூபாய் காசு அளவு. மழையில் போகும்போது தண்ணீர் பீச்சியடிக்கும் என்று காலைத் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொள்வார். மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாயே என்று அப்பா கேலி செய்வார். ஓட்டை வளர வளர, அதற்குத் தகுந்த மூடி தேடி, கடைசியில் தாம்பாளத்தில் வந்து நின்றிருக்கிறார்.

"இத்தன நாளும் தெரிஞ்சே உக்காந்திருந்தயாம்மா? ஏன் சொல்லல?" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவிடம்தான் சொன்னார். "சொன்னா வண்டிய நிறுத்திப்போடுவீங்க. அப்பறம் அந்த மொபெட்டத்தான் எடுப்பீங்க. ஒருக்கா உழுந்தது போதாதுங்களா? இதுல போனா, என்ன ஆனாலும் நானும் கூடத்தான இருக்கறேன்."

சற்று நிறுத்தி, எங்கள் எல்லோருக்கும் ஆறுதல் சொல்கிற மாதிரி, "அதுதான் தாம்பாளம் போட்டிருந்தனே. எவர்சில்வர் துருப் புடிக்காதல்லங்க" என்றார்.

பட்டறைக்காரர் ஸ்பானரைத் துடைக்கத் துணி எடுப்பது போல அந்தப் பக்கம் போய்விட்டார். அப்பா என் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கி, தோளில் இருந்த துண்டை எடுத்துத் துடைத்தார். நடுவில் வட்டமாக ஒரு பழுப்புத் தடம் இருந்தது. அதை அழுத்தி அழுத்தித் துடைத்தார். அது போகவில்லை. என் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு பட்டறைக்காரரைக் கூப்பிட்டார்.

"தகரமெல்லாம் வெக்க வேண்டாமுங்க. உடைக்கற ஆளுக்கே சொல்லி உட்டுருங்க" என்றார். காரின் சாவியை வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். அதே வளையத்தில் இன்னொரு சின்னச் சாவி இருந்தது. அதையும் கழற்றினார். "ஊட்டுல ஒரு மொபெட்டு நிக்குது. நல்லாத்தான் ஓடும். அதையும் எடுத்துக்கச் சொல்லுங்க."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இருவரும் உக்கடத்திலிருந்து பஸ்ஸில் போகிறார்கள். முதல் வாரம், எப்படிப் போகிறார்கள் என்று பார்க்க நானும் கூடப் போனேன். அம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தூக்குப்போசியை வழக்கம் போலக் காலடியில் வைக்கப் போனார். அப்பா அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மூடியைச் சுற்றித் துணி கட்டியும் வேட்டி நனைந்தது. கீழே வையுங்கள் அப்பா, இது அரசாங்கத்து வண்டி, மோருக்கெல்லாம் அசையாது என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

ஊரைத் தாண்டியதும் ஒரு வேகத்தடை வந்தது. பஸ் தூக்கிப் போட்டது. அம்மா தன்னை அறியாமல் இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார். ஓட்டை ஒன்றும் இல்லை என்பது அடுத்த நொடியில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நாங்கள் பார்த்துவிட்டோமா என்று திரும்பினார். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். போசியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை அம்மாவின் முழங்காலில் வைத்து மெல்ல அழுத்தினார். அம்மா காலைக் கீழே வைத்தார்.